முதல் புதனுக்கு முன்னால்: பெட்ரோல் செலவு பற்றி வாசகர் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் மாதத்தின் முதல் புதனன்று பெட்ரோல் விலை மாறும். அதை முன்னிட்டு இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெட்ரோலையும் டீசலையும் பற்றியவைதான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். கணக்குப் போடும்போது லிட்டர் 22 ராண்ட் என்று ஒரு பேச்சுக்கு வைத்திருக்கிறோம். உங்கள் ஊர்ப் பம்பில் இன்று என்ன விலையோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் போலோ விவோ 1.4 வண்டியின் டேஷ்போர்டு நூறு கிலோமீட்டருக்கு 6.4 லிட்டர் என்று காட்டுகிறது. மாதக் கடைசியில் கராஜ் (பெட்ரோல் நிலைய) சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒத்துவரவில்லை. பொய் சொல்வது வண்டியா, பம்பா?
வாசகர், சாட்ஸ்வொர்த்

இரண்டையும் சந்தேகிப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள். டாங்கியை நிரப்பி டிரிப் மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். அரை டாங்கிக்கு மேல் ஓட்டிய பிறகு அதே கராஜுக்குப் போய், அதே பம்பில், வண்டியை அதே பக்கம் பார்த்து நிறுத்தி மறுபடி நிரப்புங்கள். சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலே டாங்கியில் ஒரு லிட்டர் கூடவோ குறையவோ பிடிக்கும்.

பம்ப் முதல் தடவை 'டக்' என்று தானாக நின்றதும் போதும் என்று பெட்ரோல் போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழு ராண்டாக்கித் தருகிறேன் என்று அவர் இன்னும் இரண்டு மூன்று முறை அழுத்துவார். நல்ல மனசுதான், ஆனால் உங்கள் கணக்கு அதில் போய்விடும். அதோடு, டாங்கியின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரித்தூள் டப்பாவுக்குள் பெட்ரோல் திரவமாகவே இறங்கினால் டப்பா கெட்டுவிடும். அதை மாற்றும் செலவு சிறியதல்ல.

பிறகு, போட்ட லிட்டரை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 452 கிலோமீட்டருக்கு 34.6 லிட்டர் பிடித்தால் 7.65. மூன்று நிரப்பலுக்கு இப்படிக் குறித்துச் சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

டேஷ்போர்டு எண் என்பது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து வண்டியின் கம்ப்யூட்டர் போடும் கணக்கு. பல வண்டிகளில் அது ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தே காட்டும். 6.4 என்று காட்டி உண்மையில் 6.8 வந்தால் விட்டுவிடுங்கள். 7.6 வந்தால் இன்ஜெக்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

தினமும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். என்3 நெடுஞ்சாலையில் 120-இல் போகிறேன். 100-இல் போனால் நிஜமாகவே மிச்சமாகுமா? இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா?
வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மிச்சமாகும். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் காற்றின் எதிர்ப்பு ஏறும் என்பதால், 100-லிருந்து 120-க்குப் போனால் அது 44 சதவீதம் கூடுகிறது. டயர் உராய்வும் என்ஜினின் உள் உராய்வும் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் மொத்தச் செலவு ஒரு சாதாரணக் காரில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம் உயரும். 100-இல் 7.0 லிட்டர் குடிக்கும் வண்டி 120-இல் 8.2 குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகவர 160 கிலோமீட்டருக்கு ஒரு நாளில் 1.9 லிட்டர் வித்தியாசம். 21 வேலை நாளுக்கு 40 லிட்டர், சுமார் 880 ராண்ட். இழப்பது ஒரு பயணத்துக்கு எட்டு நிமிடம். இடது தடத்தில் லாரிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளாமல் 105, 110-இல் போனாலும் பாதிக்கு மேல் கிடைத்துவிடும்.

உங்கள் வழியில் இன்னொரு செலவு இருக்கிறது. உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்கு ஏற்றவே சுமார் முக்கால் லிட்டர் பெட்ரோல் வேண்டும். காலையில் இறங்கும்போது அதில் ஒரு பங்கைத்தான் திரும்பப் பெற முடியும். மாலையில் மீட்டர் கூடக் காட்டினால் வண்டியில் கோளாறு என்று எண்ண வேண்டாம். ஏற்றத்தில் குரூஸ் கன்ட்ரோலை அணைத்துவிட்டு, வேகம் ஐந்து பத்து குறைந்தாலும் பரவாயில்லை என்று மெல்ல ஏறுங்கள். இருபது விநாடி முன்னதாகவே உச்சிக்குப் போகிற அவசரத்தில் பெடலை மிதிப்பவர்தான் அதிகம் இழக்கிறார்.

நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கியரில் வைத்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் முழுதாக நின்றுவிடும், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் என்ஜின் தானே சுற்றப் பெட்ரோல் வேண்டும். அதாவது ஆபத்தையும் வாங்கி, செலவும் கூட. கீ ரிட்ஜ் இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். கார்பரேட்டர் வண்டி ஓட்டிய காலத்துப் பழக்கம் இது. அப்போது ஓரளவு மிச்சமானது, இப்போது இல்லை.

என் 2009 கொரோலா 1.6 முன்பு 8 லிட்டர்தான் குடிக்கும். இந்த ஒரு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக 10.5 ஆகிவிட்டது. மெக்கானிக் இன்ஜெக்டர் சுத்தம் செய்து, பிளக், பில்டர் எல்லாம் மாற்றச் சொல்கிறார். செய்யலாமா அண்ணா?
வாசகி, மெரிபேங்க்

செய்யலாம், ஆனால் வரிசையை மாற்றுங்கள் அக்கா. காசில்லாத சோதனைகள் முதலில், காசு கேட்பவை பிறகு.

முதலில் டயர் காற்று. காலையில் வண்டி எடுக்கும் முன், குளிர்ந்த டயரில் பாருங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், அதை வைக்கக் கூடாது.

அடுத்து, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஊர் கடலோரம். உப்புக்காற்றில், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் வழுக்கு ஊசிகள் துருவேறி இறுகிவிடுவது அங்கே சகஜம். காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்கை உரசியபடியே இருக்கும், பெட்ரோல் சூடாகக் கரையும். பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் வளையத்துக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் குற்றவாளி அதுதான். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசான உரசலோடு சுற்ற வேண்டும். பேட்டைக் கழற்றிப் பார்த்தால் சாட்சி அங்கேயே இருக்கும்: உள்பக்கத்துப் பேட் தேய்ந்து தகடாகியிருக்கும், வெளிப்பக்கத்தது தடிமனாக இருக்கும்.

ஊசிகளை உருவித் துருவைச் சுரண்டி, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறையை மாற்றினால் போதும். சாதாரண கிரீஸைத் தடவ விடாதீர்கள். ரப்பர் உப்பி, ஆறு மாதத்தில் முன்பைவிட மோசமாக இறுகிவிடும். பின்பக்க ஹேண்ட்பிரேக் கேபிளும் இப்படித் துருவேறி இறுகும்.

மூன்றாவது, என்ஜின் சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட். டர்பன் பக்கம் வெயில் ஊர் என்பதால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை. தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டால் என்ஜின் தன் சூட்டுக்கு வராது. கம்ப்யூட்டர், வண்டி இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். வெப்ப முள் நகருக்குள் நடுவில் நின்று, ஃப்ரீவேயில் வேகமெடுத்ததும் கீழே இறங்குகிறதா? இறங்கினால் அதுதான். வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டிப் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி கருவியில் பி0128 என்ற குறியீடும் வரலாம். சாமான் விலை கொஞ்சம்தான். மாற்றும்போது அதே வெப்ப அளவுள்ளதைப் போட்டு, கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள், வெறும் தண்ணீர் ஆகாது. 'இந்த ஊருக்கு இது எதற்கு' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றியே எறிந்துவிடுகிற மெக்கானிக்குகளும் உண்டு. அவர்களிடம் வண்டியை விடாதீர்கள்.

இவை சரியாக இருந்தால் மட்டும் ஆக்ஸிஜன் சென்சார் பக்கம் போங்கள். ஓபிடி கருவியில் நீண்டகால எரிபொருள் திருத்தம் என்று ஒரு எண் வரும். அது பத்து சதவீதத்துக்குள் ஏறி இறங்கினால் இயல்பு. மைனஸ் பதினைந்து என்று காட்டினால், எங்கிருந்தோ கூடுதல் பெட்ரோல் வருகிறது, கம்ப்யூட்டர் அதைக் குறைக்கப் பார்க்கிறது என்று பொருள்: கசியும் இன்ஜெக்டர், அல்லது டாங்கி ஆவியை என்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பது. பிளஸ் பக்கம் போனால் காற்றுக் கசிவு, அல்லது அழுக்கேறிய காற்று அளவு சென்சார். இந்த எண்ணைப் பார்க்காமல் இன்ஜெக்டர் சுத்தம் செய்யச் சொல்வது, காய்ச்சலைப் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது போலத்தான்.

பிளக் கெடு தாண்டியிருந்தால் மாற்றுங்கள். ஏர் பில்டர் அடைத்தால் இன்ஜெக்ஷன் வண்டியில் இழுவை குறையும், பெட்ரோல் செலவு அவ்வளவாகக் கூடாது. கம்ப்யூட்டர் காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன், இங்கே 93 ஆக்டேன் பெட்ரோல் போடுகிறேன். டிசம்பரில் டர்பனுக்குப் போகும்போது 95 போட வேண்டுமா? டயர் காற்றும் அங்கே போனதும் குறைந்துவிடுகிறதே, ஏன்?
வாசகர், லெனேசியா

டயர் ஓட்டை இல்லை, ஊர்தான் காரணம். டயர் கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் மேட்டுநிலத்தில் வெளிக்காற்று சுமார் 0.83 பார், டர்பனில் 1.01. அங்கே 2.2 வைத்துப் புறப்பட்ட டயர், அதே வெப்பத்தில் இங்கே 2.0 என்றுதான் காட்டும். குளிர்காலத்தில் டர்பனின் கதகதப்பு இதை ஓரளவு மறைத்துவிடும், ஏனெனில் பத்து டிகிரிக்குச் சுமார் 0.1 பார் ஏறும். வந்து சேர்ந்த அன்றே, சூடான டயரில் பார்க்காதீர்கள். மறுநாள் காலையில் பார்த்து நிரப்புங்கள். திரும்பிப் போனதும் 2.4 காட்டும், அதையும் குளிர்ந்த டயரில்தான் இறக்க வேண்டும்.

93-ஆ 95-ஆ என்பதும் இதே காற்றின் கதைதான். உயரத்தில் காற்று மெலிவு. டர்போ இல்லாத என்ஜினுக்குள் அழுத்தம் குறைவாக இருப்பதால் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்கும் பயம் குறைவு, 93 தாராளமாகப் போதும். கடலோரத்துக்கு வந்தால் கையேடு 95 கேட்கும் வண்டிக்கு 95 கொடுங்கள். 93 கிட்டத்தட்டத் தீர்ந்த நிலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை எட்டும்படி கணக்குப் போட்டு வந்தால் சிக்கலே இல்லை. அந்த வெடிப்பைக் கண்டறியும் நாக் சென்சார் இல்லாத பழைய வண்டி என்றால், ஏற்றத்தில் சில்லறைக் காசு குலுக்குவது போன்ற சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வந்தால் காலைத் தளர்த்திக் கியரைக் குறையுங்கள். டர்போ வண்டிக்கு இந்தச் சலுகை இல்லை. டர்போ காற்றை அமுக்கிக் கொடுத்துவிடுவதால் எந்த உயரத்திலும் கையேடு சொல்வதே சட்டம். 93 போதும் என்று எழுதிய வண்டிக்கு 95 போட்டால் அதிக தூரம் ஓடும் என்பது வெறும் நம்பிக்கை.

திரும்பும்போது டர்பனில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். எரிபொருளைக் கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுபோகும் கட்டணம் விலையில் சேர்வதால், அண்மை ஆண்டுகளில் லிட்டருக்குச் சுமார் 80 சென்ட் வித்தியாசம் இருந்துவருகிறது. 45 லிட்டருக்கு 36 ராண்ட்.

பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டாங்கியில் போடும் மாத்திரை இவற்றால் 20 சதவீதம் மிச்சம் என்கிறார்களே?
வாசகர், டோங்காட்

இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்திருக்கிறது. அவற்றில் மிகச் சிலவே ஏதோ சொற்பப் பலன் தந்தன, அதிலும் சில புகையைக் கூட்டின. அந்தக் காசுக்கு நல்ல டயர் கேஜ் ஒன்று வாங்கலாம்.

ஹார்ட்வேர் சாமான் இறக்கும் டீசல் பக்கி (பின்னால் சரக்குத் தட்டுள்ள சிறு வண்டி) எங்களுடையது. ஓரிடத்தில் மற்ற கராஜ்களைவிட நாலு ராண்ட் குறைவாக டீசல் கிடைக்கிறது. வாங்கலாமா?
வாசகர், பீனிக்ஸ்

பெட்ரோலின் சில்லறை விலை அரசு வைப்பது. டீசலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் கராஜுக்குக் கராஜ் ஒரு ராண்ட், இரண்டு ராண்ட் வித்தியாசம் இயல்புதான், விசாரித்து வாங்குவது புத்திசாலித்தனம். நாலு ராண்ட் என்றால் கேள்வி கேளுங்கள். விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்கு எரிபொருள் வரி இல்லை என்பதால், அதை டீசலில் கலந்து விற்கும் மோசடி இந்த நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

கலப்படம் ஏன் கெடுதி? டீசல் பம்புக்குத் தனியாக எண்ணெய் கிடையாது, அதன் வழியே ஓடும் டீசலே அதற்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்பு குறைவு. காமன் ரெயில் என்னும் உயர் அழுத்த டீசல் பம்ப் 1,600 பாருக்கு மேல் அமுக்கும்போது உலோகம் உலோகத்தை உரசும், அந்தத் துகள் இன்ஜெக்டர் வரை போகும். பம்பும் நாலு இன்ஜெக்டரும் மாற்றினால், மிச்சம் பிடித்ததாக நினைத்ததெல்லாம் பல மடங்காகக் கையைவிட்டுப் போகும். புதிய இடத்தில் போட்டால் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் அரை லிட்டர் பிடித்துத் தேதி எழுதி வெயில் படாமல் வையுங்கள். தகராறு வந்தால் ஆய்வகத்துக்குக் கொடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.

பக்கியில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருந்தால், நாள் முழுக்க பீனிக்ஸுக்குள்ளேயே நின்று நின்று ஓட்டுவது அதை அடைக்கும். அடைத்ததும் கூடுதல் டீசல் ஊற்றித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும். பாதியில் வண்டியை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வாரம் ஒருமுறை இருபது நிமிடம் என்2-இல் 80-க்கு மேல் நிற்காமல் ஓட்டுங்கள். என்ஜின் எண்ணெயும் டிபிஎஃப் வண்டிக்கென்று உள்ளதாக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று கிட்டத்தில்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் 11 லிட்டர்! ஏசிதான் காரணமா? தைப்பூசத்துக்குக் காவடி ஏற்றிய ரூஃப் ராக் இன்னும் மேலேயே இருக்கிறது, அதுவுமா?
வாசகி, இசிபிங்கோ

கிட்டத்தில் ஓட்டுவதுதான் காரணம் அம்மா. குளிர்ந்த என்ஜின் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு குடிக்கும். சூடேறுவதற்குள் நீங்கள் அணைத்துவிடுகிறீர்கள். மூன்று வேலையை ஒரே சுற்றில் முடித்தால் மூன்று குளிர்த் தொடக்கம் ஒன்றாகிவிடும்.

பள்ளி வாசலில் ஏசி போட்டபடி காத்திருப்பதும் சேர்கிறது. சிறிய கார் நின்றபடியே மணிக்குச் சுமார் 0.8 லிட்டர் குடிக்கும். தினமும் அரை மணி நேரம், மாதம் இருபது பள்ளி நாள் என்றால் எட்டு லிட்டர், அதாவது 176 ராண்ட். பத்து விநாடிக்கு மேல் நிற்பதானால் அணைத்துவிடலாம். ஆனால் ரோபாட்டில், அதாவது போக்குவரத்து சிக்னலில், மட்டும் வேண்டாம், பின்னால் இருப்பவர் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவார்.

ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். வெயிலில் நின்ற காருக்கு முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். நகர வேகத்தில் கண்ணாடியைத் திறந்துவிட்டால் ஏசிச் செலவு மிச்சம். 80-க்கு மேல் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதே மேல்.

ராக் உங்கள் வேகத்தில் பெரிதாக எடுக்காது. ஆனால் ஃப்ரீவேயில் வெறும் ராக்கே பல சதவீதம் இழுக்கும். கழற்றிவையுங்கள், நாலு திருகுதான்.

விலை ஏறப்போகிறது என்றால் செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்பது லாபமா?
வாசகர், வெருலம்

செவ்வாய் நள்ளிரவு கடந்து மாதத்தின் முதல் புதன் பிறந்ததும் புது விலை. உலகச் சந்தை விலையும் டாலருக்கு எதிரான ராண்டும்தான் பெரும் பங்கை ஆட்டுவிப்பவை. பொது எரிபொருள் வரியும் சாலை விபத்து நிதிக் கட்டணமும் சேர்ந்து அண்மை ஆண்டுகளில் லிட்டருக்கு ஆறு ராண்டுக்கு மேல். ஏறுமா இறங்குமா என்பதை மத்திய எரிசக்தி நிதி நிறுவனம் வெளியிடும் அன்றாடக் கணக்கிலிருந்து மாத நடுவிலேயே ஓரளவு ஊகிக்கலாம்.

லிட்டருக்கு ஒரு ராண்ட் ஏறினால், காலியான 40 லிட்டர் டாங்கிக்கு மிச்சம் 40 ராண்ட். அரை டாங்கி இருந்தால் 20. அதற்காக வரிசையில் என்ஜினை ஓடவிட்டு நாற்பது நிமிடம் நின்றால் அரை லிட்டர், 11 ராண்ட், அங்கேயே போய்விடும். வழியில் இருக்கும் கராஜில், கூட்டமில்லாத நேரத்தில் என்றால் சரி.

ஹைப்ரிட் வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா?
வாசகர், அம்லாசி

ஓட்டுகிற இடத்தைப் பொறுத்தது. பக்கத்திலேயே ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்யும் கொரோலா கிராஸ் ஹைப்ரிட் போன்ற வண்டிகள், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே நின்று நின்று போகும் நகரத்தில்தான் அவற்றின் ராஜ்யம். என்3-இல் 120-இல் ஓட்டுபவருக்கு வித்தியாசம் குறைந்துவிடும்.

சாதா வண்டியைவிட 50,000 ராண்ட் கூடுதல், நூறு கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் மிச்சம் என்று வையுங்கள். நூறு கிலோமீட்டருக்கு 44 ராண்ட். கூடுதலாகப் போட்ட காசு திரும்ப ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். வருடம் 12,000 ஓட்டுபவருக்கு ஒன்பது வருடம் தாண்டும், 35,000 ஓட்டுபவருக்கு மூன்றேகால் வருடம். வாங்கிய பிறகு ஒரு வேலை: பின்சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரமும் அதன் சிறு வடிகட்டியும் இருக்கும். அங்கே பையையோ பாயையோ போட்டு அடைக்காதீர்கள், சர்வீஸ் தோறும் தூசு தட்டச் சொல்லுங்கள்.